வயலில் அடிக்கும் நஞ்சும் வீட்டுக்குள் வரும் நஞ்சும்

(மஹல்லா குடும்பங்களுக்கான மாத நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மாதம் சுற்றுப்புறத்தில் உள்ள நஞ்சுகளைப் பற்றிப் பேசுவது என்று நிர்வாகக் குழுவில் முடிவானது. நஞ்சு என்றவுடன் நமக்கு போபால் நினைவுக்கு வரும், தொழிற்சாலைப் புகை நினைவுக்கு வரும். நம் ஊரில் அப்படிப்பட்ட தொழிற்சாலை எதுவும் இல்லை. மூன்று பக்கமும் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். இங்கே யாருக்கு என்ன நஞ்சு என்று கேட்கத் தோன்றும். ஆனால் போபாலில் 1984இல் விஷவாயு கசிந்த அந்த ஆலை எதற்காகக் கட்டப்பட்டது? பூச்சிமருந்து தயாரிப்பதற்காக. அங்கே செய்த சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் வயல். ஆகவே நாம் அந்தக் கதைக்கு வெளியே இருப்பவர்கள் இல்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் இதை 'மருந்து' என்கிறோம். "இன்றைக்கு வயலுக்கு மருந்து அடிக்கிறார்கள்" என்று சொல்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புகையானுக்கு அடிப்பதும் மருந்து. பெயர் ஒன்றாக இருப்பதால் பயம் போய்விட்டது. பழைய தலைமுறைக்கு அந்தப் பயம் இருந்தது. அவர்கள் 'பாலிடால்' என்றார்கள். அது பாரத்தியான் என்ற நஞ்சின் வியாபாரப் பெயர். 1958இல் கேரளத்தில் அதே பாரத்தியான் கோதுமை மாவில் கலந்து, சாப்பிட்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1968இல், நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

நம் தஞ்சை மாவட்டத்துக்கு இந்தச் சரக்கு எப்படி வந்தது? 1960இல் மத்திய அரசு தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, பிறகு ஐ.ஆர். 8 வந்தது. விளைச்சல் கூடியது உண்மை. பஞ்சம் பேசிய நாட்டுக்கு அரிசி கிடைத்தது உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் யூரியாவைக் கூட்டிப் போட்ட பயிர் கரும்பச்சையாகச் செழித்தது. அதைத் தேடிப் பூச்சியும் வந்தது. பூச்சிக்கு நஞ்சு அடித்தார்கள். அந்த நஞ்சு பூச்சியோடு சேர்த்து, பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் தட்டானையும் கொன்றது. காவல்காரன் செத்த வீட்டில் திருடனுக்கு என்ன பயம்? அடுத்த முறை புகையான் இரண்டு மடங்காக வந்தது.

இது நான் சொல்லும் கதை இல்லை. இந்தோனேசியாவில் இதுவே நடந்தது. உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு. நம்மைப் போலச் சோறு தின்னும் நாடு. அங்கே நெல்லைப் புகையான் அழித்தது. அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. கடைசியில் 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல் வயலில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விவசாயிகளுக்கு வயலிலேயே வகுப்பு நடத்தி எந்தப் பூச்சி நண்பன், எந்தப் பூச்சி பகை என்று காட்டினார்கள். நெல் விளைச்சல் விழவில்லை. வியட்நாமில் மீகாங் டெல்டாவும் நம்மைப் போல ஆற்று வண்டல் பூமி. அங்கே, நட்ட முதல் 40 நாளில் இலையைப் புழு தின்றாலும் மருந்து அடிக்காதே என்று 1990களில் பிரசாரம் செய்தார்கள். இளம் பயிர் தின்ற இலையை மறுபடி விட்டுக்கொள்ளும் என்பது அதன் காரணம். விவசாயிகள் மருந்து அடிக்கும் தடவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இனி நம் வயலுக்கு வருவோம்.

மருந்து அடிப்பவர் யார்? பெரும்பாலும் நாம் இல்லை. நம்மில் பல குடும்பங்களுக்கு நஞ்சை இருக்கிறது, உழுவது குத்தகைக்காரர். வீட்டு ஆண்கள் சபரில் இருக்கிறார்கள். அறுவடை முடிந்தால் குத்தகை நெல் மூட்டையாக வாசலில் இறங்குகிறது, அல்லது பணமாக வருகிறது. இடையில் அந்த வயலில் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. நடப்பது இதுதான். ஒருவர் கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் தெளிப்பானோடு இறங்குகிறார். டப்பாவின் மூடியால் மருந்தை அளந்து, கையாலேயே கலக்குகிறார். குழாய் அடைத்தால் வாயால் ஊதி எடுக்கிறார். தெளிப்பான் ஒழுகி முதுகு நனைகிறது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை டேங்க் அடிக்கிறாரோ அத்தனைக்குக் கூலி.

நஞ்சு வாய் வழியாக மட்டும் போவதில்லை. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். வியர்த்த தோலில் இன்னும் வேகமாகச் சேரும். உடம்பில் நரம்பு தசைக்கு உத்தரவு கொடுத்த பிறகு அந்த உத்தரவை அழிக்க ஒரு நொதி உண்டு. இந்த வகை நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடும். அதனால் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வடியும், கண்மணி சிறுத்துப்போகும், வியர்க்கும், வாந்தி வரும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். இலேசாகப் பட்டால் தலைவலி, மயக்கம், கண் மங்கல். "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். அது வெயில் இல்லை.

மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்கள் யாரும் விஷம் குடித்தவர்கள் இல்லை. வேலை செய்தவர்கள்.

அடித்தவரோடு இது நிற்பதில்லை. அந்தக் கைலியையும் துண்டையும் வீட்டில் ஒரு பெண் கையால் துவைக்கிறார், பிள்ளைகளின் துணியோடு சேர்த்து. மருந்து அடித்த மறுநாள் வரப்புப் புல்லை அறுத்து ஆட்டுக்குப் போடுகிறோம். வரப்போரம் முளைத்த பொன்னாங்கண்ணியைக் கிள்ளி ஆனம் காய்ச்சுகிறோம். தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிறார்கள். அதே வாய்க்காலில் கீழ்மடையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

அடுத்தது காலி டப்பா. இது எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. பீகாரில் சாரண் மாவட்டத்து கிராமப் பள்ளி ஒன்றில், 2013 ஜூலை 16 அன்று மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெய் மோனோகுரோட்டோபாஸ் இருந்த டப்பாவில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, நல்ல மூடி, வீசி எறிய மனம் வராது. அதுதான் 23 மையித்து. நம் தெருக்களிலும் அந்த டப்பாவில் மண்ணெண்ணெய் வாங்குகிறவர்கள், அரிசி அளக்கிறவர்கள், கழிப்பறையில் தண்ணீர் மொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். துணியில் நஜீஸ் பட்டால் நாம் எவ்வளவு கவனமாக அலசுகிறோம்! இந்த டப்பாவை எத்தனை அலசினாலும் புழங்கும் பாத்திரமாக ஆக்கக் கூடாது. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் அடித்துவிட வேண்டும். பிறகு டப்பாவைக் குத்தி ஓட்டை போட வேண்டும். எரிக்கக் கூடாது, அந்தப் புகையும் நஞ்சு.

டப்பாவின் மேல் ஒரு முக்கோணம் இருக்கும், சாய்சதுரத்துக்குள். சட்டப்படி எல்லா டப்பாவிலும் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சை என்றால் எல்லாவற்றிலும் குறைந்த நஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். இன்று வீட்டுக்குப் போய் நம் பிள்ளைகளுக்கு இந்த நாலு நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டுக்குள் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, எலி மருந்து. டெல்டாவில் எலி இல்லாத வீடு இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டிருக்கிறது. காரணம் என்ன? அதைத் தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருப்பார், பேசுவார், சாப்பிடுவார். "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கும். ஆகவே நன்றாக இருக்கிறாரே என்று நம்பிவிடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னொன்று; கிடங்கில் தானியத்துக்குப் புகையூட்டப் பயிற்சி உள்ளவர்கள் வைப்பது. ஈரம் பட்டால் விஷவாயு கிளம்பும். அதை வீட்டு அரிசி மூட்டைக்கு அருகே வைப்பது, நாம் தூங்கும் அறையில் வைப்பதற்குச் சமம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியை இரவெல்லாம் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நீங்கள் எல்லாரும் படித்தீர்கள். எலிக்குப் பொறி போதும். வயலுக்கு மூங்கிலில் வில் கட்டும் தஞ்சாவூர் கிட்டி நம் மண்ணிலேயே பிறந்தது. அதைக் கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். வயலில் ஆந்தை உட்காரக் கொம்பு நட்டால், இரவில் அதுவும் தன் வேலையைப் பார்க்கும்.

இரண்டு, பாட்டில். கழிப்பறை ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் தாகத்தோடு இருக்கும் பிள்ளை பாட்டிலைப் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது.

மூன்று, சுர்மா. கடையில் விற்பதில் பல வகை காரீயக் கல்லை அரைத்தது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. சுர்மா இடுவதைப் பற்றிய சட்டத்தை நான் பேசவில்லை. அதற்கு ஹஜ்ரத் இருக்கிறார்கள். கைக்குழந்தை கண்ணைக் கசக்கி அந்த விரலை வாயில் வைக்கிறது என்பதை மட்டும் தாய்மார்கள் யோசித்துப் பாருங்கள். என்ன கலந்தது என்று தெரியாத சுர்மாவைப் பிள்ளைக்கு இட வேண்டாம்.

யாருக்காவது நஞ்சு பட்டுவிட்டால் என்ன செய்வது? உடுப்பைக் கழற்றுங்கள். சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வாய் வழியாகப் போயிருந்தால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். முக்கியமாக, டப்பாவை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். மோனோகுரோட்டோபாஸ் வகைக்கு முறிவு மருந்து உண்டு. களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு முறிவே இல்லை. அது நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் பல நாடுகள் அதைத் தடை செய்தன.

இங்கே மனம் கனக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் நஞ்சு இருந்தால், கோபத்திலோ துக்கத்திலோ கை அதன் மேல் போகும். அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் பலர் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள். இலங்கையில் 1995 முதல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பத்தாண்டில் அந்நாட்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. மனம் உடைந்தவரைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மீதியான மருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

அரசு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே மத்திய அரசு சொல்லியது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு அதையும் சேர்த்து ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள் நிறுத்தியது. ஏன் 60 நாள்? 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலத்துக்குத் தற்காலிகமாக நிறுத்தத்தான் அதிகாரம்; நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். சட்டம் முழுமையாக வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே நம் அறக்கட்டளையின் நஞ்சையைப் பற்றி ஒரு யோசனையை நிர்வாகக் குழுவில் வைத்திருக்கிறேன். அதை உங்கள் முன்னாலும் வைக்கிறேன். அடுத்த சம்பாவுக்குக் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, சிவப்பு முக்கோணம் போட்ட எதையும் நம் நிலத்தில் அடிக்கக் கூடாது என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். நட்ட 40 நாளுக்குள் வேளாண் உதவி அலுவலரைக் கேட்காமல் எதையும் அடிக்கக் கூடாது. கையுறை, முகக்கவசம், ஒழுகாத தெளிப்பான் ஆகியவற்றை அறக்கட்டளை வாங்கிக் கொடுக்கும். காலி டப்பாவை எண்ணித் திரும்ப வாங்கும். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவது, வரப்பில் உளுந்து போடுவது, வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப் பொறி இவற்றுக்கு உதவி செய்யும்.

இதனால் விளைச்சல் குறைந்தால் நஷ்டம் குத்தகைக்காரர் தலையில் விழக் கூடாது. குறைந்த அளவுக்குக் குத்தகை நெல்லில் தள்ளுபடி கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் குழுவில் கருத்து வேறுபட்டது. "அந்த நெல்லில்தான் ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் போகிறது, அமானத்தான சொத்தின் வருமானத்தைக் குறைக்க நமக்கு என்ன உரிமை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கேட்டதற்காகவே அவரை மதிக்கிறேன்.

என் பதில் இது. அமானத் என்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு வருட நெல் மட்டும் இல்லை. அந்த மண்ணும் அமானத், அதில் இறங்குகிறவரின் உடம்பும் அமானத். ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளையின் தகப்பன் மூச்சுத் திணறுவதை நாம் தர்மம் என்று கணக்கில் எழுத முடியாது. குத்தகைக்காரர் வேறு சமூகத்தவர், கூலிக்கு அடிப்பவர் வேறு சமூகத்தவர் என்பது இந்தக் கணக்கில் வராது. தீங்கைத் தடுப்பது நன்மையைத் தேடுவதற்கு முந்தியது என்று ஃபிக்ஹில் நாங்கள் படித்தோம். வருமானம் குறைந்தால், அந்தக் குறையை நாம் நம் கையிலிருந்து நிரப்பலாம். இரண்டையும் செய்யக்கூடிய ஜமாஅத் இது.

குழு வரும் மாதம் முடிவெடுக்கும். அதற்கு முன் உங்கள் கருத்தை எழுத்தில் தாருங்கள். எதிர்க் கருத்தும் வேண்டும். சொந்த நஞ்சையைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே உங்கள் குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, என்ன மருந்து அடிக்கிறீர்கள், யார் அடிக்கிறார், அவர் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சபரில் இருப்பவர்கள் போனில் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்போம். வீட்டில் கிடக்கும் காலி மருந்து டப்பாக்களை மூடியோடு, பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். மருந்து மீதி இருந்தால் கொண்டுவராதீர்கள், தகவல் மட்டும் சொல்லுங்கள். வேளாண் அலுவலகத்தைக் கேட்டு ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அல்லாஹ் நம் வீடுகளையும், நமக்குச் சோறு போடும் கைகளையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.